கண்ணாடியில் அழித்த தாலி

பேசும் படம் எங்கள் பக்கம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஓர் ஆனி மாதத்தில், முட்டத்துக்கும் இராஜாக்கமங்கலத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊரில் இது நடந்தது. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அப்போது நான் நாகர்கோவிலிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு பழைய கேமரா இருந்தது. கோட்டாற்றில் எனக்கு ஒரு நண்பர். ஆர்மோனியம் வாசித்துத் தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். இருவரும் சேர்ந்து படப்பாட்டு நடத்தினோம். அவர் பாட, நான் அடிக்கு ஒரு கண்ணாடிப் படத்தை விளக்கின் முன் செருகுவேன். எதிரே கட்டிய துணியில் அது பெரிதாக விழும்.

பாட்டில் நிலா வந்தால் நிலாவைக் காட்டுவது எவரும் செய்யக்கூடியது. வார்த்தை சொல்லாமல் விட்டதைப் படம் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஆட்கள் நிறைந்த சந்தையைக் காட்டி, அடுத்து அதே சந்தையை ஆளில்லாமல் காட்டினால் போதும். பிரிவைப் பற்றிப் பாடவே வேண்டாம். இதற்காக இரண்டு விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தேன். மேல் விளக்கின் மூடியை மெல்ல மூடிக்கொண்டே கீழ் விளக்கின் மூடியைத் திறந்தால், ஒரு படம் கரைந்து அடுத்த படமாக மாறும். மாறுவது கண்ணுக்குத் தெரியாது. மாறிவிட்ட பிறகுதான் தெரியும். அந்த வித்தையில் எனக்கு மிகுந்த பெருமை.

அந்த ஆனி மாதம் முதல் வாரத்தில் கடல் கொந்தளித்தது. சில கட்டுமரங்கள் திரும்பவில்லை. சிலரின் உடல்கள் ஒதுங்கின, சிலருடையவை ஒதுங்கவில்லை. நான் செய்தி எழுதினேன். நண்பர் பாட்டு கட்டினார். கரையில் காத்து நிற்கும் மனைவி கடலிடம் கேட்பதுபோலப் பாட்டு. அதன் நாலாவது அடி இது:

‘போனவனைக் கேட்டேன், கடலே, நீ நுரையைத் தந்தாய்.’

அந்த அடிக்கு ஒரு பெண்ணின் படம் வேண்டும். என் பெட்டியில் ஒன்று இருந்தது. மாசி மாதம் முதலில் சொன்ன அந்த ஊர்க் கரையில் எடுத்தது. ஓர் இளம்பெண் நெற்றிமேல் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகம் சுருங்கியிருக்கிறது. சோகமான முகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதில் இரண்டு கண்ணாடிப் படங்கள் செய்தேன். முதலாவதில் அவள் சேலைக்குச் சிவப்பும் கழுத்துத் தாலிக்கு மஞ்சளும் தீட்டினேன். இரண்டாவதில் சேலைக்கு நிறம் இல்லை. தாலியை ஊசி முனையால் சுரண்டி, அந்த இடத்தில் கழுத்தின் நிறத்தைத் தடவினேன். நாலாவது அடியில் முதல் படம் கரைந்து இரண்டாவது வரும். நண்பர் பார்த்துவிட்டு, “ஓய், நான் இனிமே பாடவே வேண்டாம் போலிருக்கே. நீரே ஊரை அழ வச்சிருவீர்” என்றார். கோட்டாற்றில் இரண்டு தடவை காட்டினோம். இரண்டு தடவையும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

கேமராவில் எடுத்த அந்த மூலத் தகட்டின் உறையில் நான் நாள், நேரம், வெயில் எல்லாம் குறித்திருந்தேன். அவள் யார் என்று மட்டும் குறிக்கவில்லை. கேட்கவே இல்லை. ஒரு சைக்கிள் திருட்டுக்குக்கூடப் பறிகொடுத்தவன் பெயரை இரண்டு பேரிடம் விசாரித்து எழுதுகிறவன் நான்.

கோட்டாற்றில் படம் காட்டுகிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டு அந்தக் கடற்கரை ஊர்க்காரர்களே எங்களை அழைத்தார்கள். மாதா கோயிலுக்கு வெளியே மணலில் பாயை விரித்து, இரண்டு மூங்கிலுக்கு நடுவே பாய்மரத் துணியைக் கட்டிக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்ததும் தொடங்கினோம். அவசரத்தில் முதல் படத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். கட்டுமரம் வானத்தில் மிதந்தது.

“ஏலே, மரம் தலைகீழா ஓடுது பாரு!” என்றான் ஒருவன்.

“ஒன் அண்ணன் துடுப்புப் போட்டா அப்பிடித்தாம்ல ஓடும்” என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு முட்டத்துக் கலங்கரை விளக்கம் விழுந்தது. “நம்ம வெளக்கு!” என்று சிறுபிள்ளைகள் கத்தினார்கள். அதன்பின் அவள் படம். சிவப்புச் சேலை, மஞ்சள் தாலி. கூட்டம் ஒரு கணம் உற்றுப் பார்த்தது. அடுத்த கணம் பெண்கள் பக்கம் ஒரே ஆரவாரம்.

“ஏட்டி, இது நீயில்லா! எங்களுக்குச் சொல்லவே இல்லியே!”

“எவ்வளவு பெருசா நிக்கா பாரு, கோயிலு ஒசரத்துக்கு!”

நான் திரும்பிப் பார்த்தேன். நடுவரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்கத்தில் வாயைப் பொத்தியிருந்தாள். எனக்கு மகிழ்ச்சிதான். நண்பர் நாலாவது அடியை எடுத்தார். என் கைகள் பழகிய வேலையைச் செய்தன. மேல் மூடி மெல்ல மூடியது, கீழ் மூடி திறந்தது.

சிவப்பு வெளுத்தது. கழுத்து வெறுமையானது.

ஆரவாரம் நின்றது. யாரும் அழவில்லை. நண்பரின் விரல்கள் ஆர்மோனியத்தில் அப்படியே நின்றன. பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். படத்தில் இருந்தவளுடைய மாமியார் என்று பிறகு தெரிந்தது. துணியை ஒரு முறையும் மருமகளை ஒரு முறையும் பார்த்தாள். பிறகு மார்பில் அறைந்துகொண்டு, “எஞ் செல்லமே, நீ இனி வரமாட்டியா” என்று ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்ற பெண்களும் அவளைச் சூழ்ந்து உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள்.

மருமகள் மட்டும் அழவில்லை. “மாமி, வேண்டாம். நிறுத்துங்க மாமி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்களை அழைத்த மீனவர் ஒருவர் என்னைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். அவள் கணவன் போன மரமும் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அன்று பத்தொன்பதாம் நாள். உடல் கிடைக்காதவனுக்கு நாற்பத்தொரு நாள் விடுவது அந்த ஊர் வழக்கம். அதுவரை அவன் மனைவி தாலியோடு இருப்பாள். கரைக்கு வரும் மீனில் அவன் பங்கு வீட்டுக்குப் போகும். ஒரு மரம் தினமும் அவனைத் தேடிப் போகும். ‘செத்துவிட்டான்’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கமாட்டார்கள். ஆனால் பெற்றவள் ஒப்பாரி எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. எடுத்த ஒப்பாரியைத் திரும்ப அடக்க முடியாது.

“நாளைக்குத் தேட மரம் எறங்காது, சாரே” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

அன்று நாங்கள் அங்கேயே தங்கினோம். விடிந்ததும் இரண்டு கண்ணாடிப் படங்களையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். கணவனின் தம்பியும் நாலைந்து பேரும் மரத்தைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். படங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே படம், இது சாயம், இது ஊசியால் சுரண்டியது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். இதைச் செய்தபோது அவள் யார் என்றே எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். தம்பி இரண்டையும் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“சாயம்னு எங்களுக்கும் தெரியும், சாரே. நாங்க மடையங்க இல்ல” என்றான். “ஆனா கண்டாச்சே. அம்மா கண்டாச்சு, ஊரு கண்டாச்சு. கண்ட பெறகு எந்த மொகத்தோட அண்ணனத் தேடிப் போவேன்?”

“இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கே” என்றேன்.

“அது நேத்து வர இருந்துச்சு” என்றான்.

அவள் வீட்டு வாசலுக்கும் போனேன். உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். அவளே வெளியே வந்தாள். தாலி இன்னும் கழுத்தில் இருந்தது. நான் ஏதோ மன்னிப்புச் சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை. சிவப்புச் சேலைப் படத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

“இது எப்ப எடுத்தது?”

“மாசியில். காலை ஒன்பது மணி இருக்கும்.”

“அன்னைக்கு அவிய வந்தாவ. நெறைய மீனு. தூரத்துல மரத்தக் கண்டுட்டுத்தான் நான் நிக்கேன். வெயிலு கண்ணுல அடிக்கி, அதாக்கும் மொகம் இப்பிடி இருக்கு” என்றாள். பிறகு, “நான் அழுதேன்னு நெனச்சியளா?” என்று கேட்டாள்.

நான் தலையசைத்தேன். அவள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டாள். இரண்டாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை வெறும் சவப்பெட்டியை வைத்துப் பூசை நடந்தது. கோயில் மணி அடித்தது. பங்கு மீன் நின்றது. அந்த வாரமே நான் இரட்டை விளக்கை விற்றுவிட்டேன். நண்பர் அந்தப் பாட்டைப் பிறகு எங்கேயும் பாடவில்லை.

அவள் கணவன் கடைசிவரை வரவில்லை. நாற்பத்தொரு நாள் கழிந்தும் வரவில்லை, இன்றுவரையும் இல்லை. இதைச் சொல்லி என்னைத் தேற்றியவர்கள் உண்டு. எப்படியும் நடந்திருக்கும், நீ கொஞ்சம் முன்னால் காட்டிவிட்டாய், அவ்வளவுதானே என்பார்கள். தேட ஒரு மரம் தினமும் இறங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது நாகர்கோவில் கொட்டகையில் பேசும் படம் ஓடுகிறது. பாட்டு வந்ததும் சிரித்த முகம் கரைந்து அழுத முகமாகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். அந்த வித்தை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், கையாலேயே செய்தவன். ஆனாலும் அப்போதெல்லாம் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். கணவன் உயிரோடிருக்கிறான் என்று நம்ப ஒரு பெண்ணுக்கு ஊர் விட்டுவைத்திருந்த இருபத்திரண்டு நாளை, ஒரு பாட்டின் நாலாவது அடி நன்றாக அமைய வேண்டும் என்று நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன்.