உள்ளே அம்பாள் இல்லை

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒன்று சரியென்றால் அதற்கு நேர் எதிரானது தப்பு என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் வீட்டிலேயே அது எடுபடவில்லை.

அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அலையக்கூடாது என்று காரைக்கால் டாக்டர் சொன்ன வாரம்தான் அது நடந்தது.

"அம்மன் முகத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்டா" என்றாள்.

எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா போன இடம்.

"அவ எங்கயும் இருக்கான்னு நீதானே சொல்லுவ. இங்கேருந்தே கும்பிடேன்."

"எங்கயும்தான் இருக்கா. ஆனா அங்க போய்ப் பாக்கணும்."

கோட்டுச்சேரியிலிருந்து ஆட்டோ வரவழைத்துக் கூட்டிப்போனேன்.

சந்நிதிக் கதவு பூட்டியிருந்தது. திருப்பணி நடக்கிறதாம், மேலே விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். பிராகாரத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு மரப்பலகையில் அம்மனை வரைந்து வைத்திருந்தார்கள். பூசையெல்லாம் அதற்குத்தான்.

"வாங்கம்மா, அம்பாள் இப்போ இங்கதான் இருக்கா" என்று குருக்கள் பலகையைக் காட்டினார்.

அம்மா பார்த்தாள். பலகையில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இல்லை. அம்மாவின் முகம் சுண்டிப்போனதை என்னால் தாங்க முடியவில்லை.

"குருக்களே, ஒரு நிமிஷம் அந்தக் கதவைத் திறங்க. அவங்களுக்கு உடம்பு சரியில்ல. இன்னொரு தடவை வர முடியுமோ என்னவோ."

"உள்ள அம்பாள் இல்லையே சார். பூசை பண்ணி இந்தப் பலகைக்கு எழுந்தருளப் பண்ணியாச்சு. உள்ள இருக்கறது இப்போ வெறும் கல்லு."

"வெறும் கல்லுன்னா காட்டுறதுல என்ன?"

"அம்பாளை வெறும் கல்லாக் காட்டக்கூடாது சார்."

"அப்ப அது அம்பாளா, கல்லா?"

அவர் கற்பூரத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். என் குரல் உயர்ந்துவிட்டது. "எங்கயும் இருக்கறவ எப்படிங்க ஒரு இடத்தை விட்டுப் போவா? போயிட்டான்னா எங்கயும் இருக்கான்னு சொல்லாதீங்க!"

சாரத்தின் மேலிருந்த கொத்தனார்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்றது சரிதான் சார். அதுவும் உண்மை, இதுவும் உண்மை" என்றார் குருக்கள். சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டுக் கதவைத் திறக்காத மனுஷரிடம் எப்படி வாதாடுவது?

திரும்பினால் அம்மாவைக் காணோம். பூட்டிய கதவின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ளதான் இல்லங்கறாரே!"

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"பின்ன யாரைக் கும்பிடுற?"

"இங்க இல்லாம இருக்காளே, அவளைத்தான்."

ஆட்டோவில் ஏறியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவளுக்காகத்தானே அத்தனை பேர் முன்னால் கத்தினேன்? அவளோ எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நீ கத்துனது அவளுக்குக் கேட்டிருக்கும்டா" என்றாள், சமாதானமாக.

"எங்கேருந்து கேட்டிருக்கும்? பலகையிலேருந்தா, கல்லுக்குள்ளேருந்தா?" என்று வெடித்தேன். அம்மா சிரித்தாள். மூச்சு வாங்கியதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். குடமுழுக்கு அடுத்த ஆனியில்தான் நடந்தது. போகவே கூடாது என்றிருந்தேன், போனேன். கூட்டம் தள்ளித் தள்ளிச் சந்நிதி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அதே முகம், எண்ணெய் மினுமினுப்போடு. குருக்கள் என்னை அடையாளம் கண்டு குங்குமம் கொடுத்தார். ஒரு நிமிஷம் திறந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது, அவரிடமா, அந்த முகத்திடமா என்று தெரியவில்லை. அதற்குள் பின்னாலிருந்து, "நகருங்க, நகருங்க" என்றார்கள்.

நகர்ந்தேன். குங்குமத்தை நெற்றியில் வைக்க மனம் வரவில்லை. கீழே கொட்டவும் வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது.