அமாவாசையன்று நான் எடுத்த நிலா

மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய தொலைநோக்கியை அவள் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து அது என்னுடையதாகிவிட்டது. பிள்ளையின் படிப்புக்குத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். துணி மடிக்காமல் கொல்லைப்புறத்தில் போய் நிற்க ஒரு பெண்ணுக்குக் காரணம் வேண்டுமே.

அந்த மாசியில் பொழுது சாய்ந்ததும் கன்னிவாடி மலைக்கு மேலே வெள்ளி பளிச்சென்று நிற்கும். தொலைநோக்கியில் செல்போனை மாட்டி இரண்டு நிமிட வீடியோ எடுப்பேன். கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கிரகம் நெளியும். அதில் தெளிவாக விழுந்த காட்சிகளை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தர மென்பொருள் இருக்கிறது. அப்படிக் கிடைத்த வெள்ளி, தேங்காய்க் கீற்றுபோல மெல்லிய பிறையாக இருந்தது. நம்மைவிடச் சூரியனை நெருங்கிச் சுற்றுவதால் வெள்ளிக்கும் பிறை உண்டு.

கணவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நிலாவைப் பிடிக்க இம்புட்டுச் சாமானா?"

விளக்கினேன். "சரி சரி" என்று பாதியிலேயே நம்பிவிட்டு, கிரிக்கெட் பார்க்கப் போனார்.

ஐந்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு, வீட்டிலேயே எடுத்த வான்படம் கேட்டிருந்தார்கள். மகள் அந்தப் பிறையை அட்டையில் ஒட்டி, கீழே 'வெள்ளி' என்று எழுதிக் கொண்டுபோனாள். மற்ற வீடுகளிலிருந்து சனிக்கோள்களாக வந்திருந்தன, வளையத்தின் ஒவ்வொரு கோடும் தெரிய. ஒன்றின் மூலையில் விண்கலத்தின் பெயர்கூட அழியாமல் இருந்ததாம். அவையெல்லாம் வீட்டில் எடுத்தவையாம். எங்களுடையதில்தான் சந்தேகம்.

மாலையில் மகள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"பொய் சொல்லாதேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்கம்மா மிஸ். வெள்ளி உருண்டையாத்தான் இருக்குமாம். வெள்ளிங்கறதை அடிச்சுட்டு நிலான்னு எழுதிட்டாங்க. நீ நிலாவைத்தான் எடுத்தியாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ யோசித்தேன். பட்டம் வாங்கியவள்தான், ஆனாலும் ஒரு மிஸ் அழுத்திச் சொன்னால் என் பெயரே தப்போ என்று யோசிக்கிற ஆள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், "மன்னிக்கவும் மிஸ். நிலாவை வெள்ளி என்று நினைத்துவிட்டோம்" என்று போட்டேன். இரண்டு கும்பிடும் கைகள் வேறு. கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. மகள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை போனில் அந்த வீடியோவைத் தேடினேன். அதற்கு நேர் முந்தைய படம்: வாழையிலை, சோறு, வடை, மதில்மேல் காகம். இறந்துபோன மாமனாருக்கு நான் விரதமிருந்து படைத்த அமாவாசைச் சாப்பாடு. படைத்தேன் என்பதற்குச் சாட்சியாக நாத்தனாருக்கு அனுப்ப எடுத்தது. இரண்டும் ஒரே தேதி. மாதம் தவறாமல் அமாவாசைக்குப் பட்டினி கிடக்கிற நான், அன்று வானத்தில் நிலா தெரியாது என்பதை மறந்து மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

மகளைப் பள்ளியில் விடப் போனபோது மிஸ்ஸிடம் காட்டினேன்.

"ஆமால்ல, அன்னைக்கு நானும் விரதம்தான்" என்றார். "விடுங்க மேடம், நிலான்னே இருக்கட்டும். நீங்களே குரூப்ல ஒத்துக்கிட்டீங்க. இப்ப மாத்துனா பிள்ளைக கொழம்பிரும்."

மகள் என் முகத்தையே பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் "சரிங்க மிஸ்" என்பேன். வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, அங்கேயே நின்று இலைப்படத்தையும் பிறையையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். "என் மகள் சொன்னதுதான் சரி. இது வெள்ளி. அன்று அமாவாசை. நான் கேட்ட மன்னிப்புதான் தவறு." கும்பிடும் கைகள் போடவில்லை.

மேசைமேல் மிஸ்ஸின் போன் அதிர்ந்தது. படித்தார். "வெள்ளின்னே எழுதிக்க" என்று வேறெங்கோ பார்த்தபடி மகளிடம் பேனாவை நீட்டினார்.

குழுவில் ஓர் அம்மா கேட்டார்: "வடையில வெங்காயம் தெரியுதே, அமாவாசைக்குப் போடலாமா?" மறுபடியும் கட்டைவிரல்கள்.

அது முட்டைக்கோஸ். முட்டைக்கோஸ்தான் என்று நினைக்கிறேன். அன்று மாலை படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"முட்டைக்கோஸ்தாம்மா. நான்தான மாவுல போட்டேன். போனைக் கீழ வை."