பூபாலன் பார்த்த கடல்

சிங்கப்பெருமாள் கோயில் டாக்ஸி ஸ்டாண்டில் பூபாலனைத் தெரியாதவர்கள் கிடையாது. வாரநாட்களில் சிறுசேரிக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிப் போவான். சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரம் பக்கம் குடும்பங்களைக் கூட்டிப் போவான். அவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை வண்டியை விட்டு நகரமாட்டான். சீட்டைச் சாய்த்தால் குறட்டை, போன் அடித்தால் மட்டும் விழிப்பு. தூங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் நாங்கள் கிண்டல் செய்வோம்.

அவன் மனைவி ஜாய்ஸுக்கு ஒரு தீராத மனக்குறை. ஊரெல்லாம் சுற்றுகிற மனுஷன் தன்னை ஓரிடத்துக்கும் கூட்டிப் போனதில்லை. மகள் திவ்யா கல்யாணமாகி ஓசூர் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். "சாப்ட்டியா", "ஃபேன நிறுத்து" என்பதைத் தாண்டிப் பேச்சே வரவில்லை. இனி காலம் முழுக்க இப்படித்தானா என்று ஜாய்ஸுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஒரு நாளு எங்கூட குந்திப் பேசு மாமா. எனக்கு அது போதும்" என்றாள்.

மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் கடலோரப் பூங்காவுக்குப் போகலாம் என்றான் பூபாலன். சவுக்குத் தோப்பும் சிமெண்ட் பெஞ்சும் உள்ள, கூட்டமில்லாத இடம். சூப்பராக இருக்கும் என்று அவனே அவளிடம் பலமுறை சொன்ன பூங்காதான்.

ஒரு புதன்கிழமை கிளம்பினார்கள். கேட்டில் அவளை இறக்கிவிட்டு, "நீ உள்ள போய்க்கினே இரு, வண்டிய நெழல்ல போட்டுட்டு வரேன்" என்றான். நிழலில்தான் போட்டான். ஆனால் வண்டி நின்றதும் பழகிய கை தானாகவே சீட்டைச் சாய்த்துவிட்டது. கால் செருப்பைக் கழற்றியது. அவ்வளவுதான், ஆள் தூங்கிவிட்டான்.

உள்ளே ஜாய்ஸ் எலுமிச்சை சாதமும் வறுத்த மீனும் பெஞ்சில் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்த காலேஜ் ஜோடிகூட எழுந்து போய்விட்டது. சாதம் ஆறிவிட்டது. போன் போட்டாள்.

பூபாலன் கண்ணைத் திறக்காமலே எடுத்தான். "சொல்லுங்க சார், வண்டியாண்டதான் கீறேன். கெளம்பலாமா?"



"சார் இல்ல மாமா. ஜாய்ஸு."

வெறுங்காலோடு ஓடினான். கேட்டுக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் காவலாளியிடம் கேட்டான். காவலாளி சிரித்தார். "இன்னா அண்ணாத்த, வாராவாரம் வர ஆளு, கடலுக்கு வழி கேக்கறியே?"

ஜாய்ஸ் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இத்தினி வாட்டி வந்துகீற. எங்க குந்துவ?"

"உள்ள வந்ததே இல்ல ஜாய்ஸு. சவாரி வர்ற பார்ட்டிங்க வண்டில பேசிக்கினு வர்றதத்தான் உங்கிட்ட சொல்வேன். நானே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அப்ப மத்த ஊருங்க?"

"எல்லாம் பார்க்கிங்கு மட்டுந்தான்."

இத்தனை வருஷம் இந்த மனுஷனைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று ஜாய்ஸுக்குத் தோன்றியது. கோபம் போன இடம் தெரியவில்லை. டப்பாவை நகர்த்தி இடம் விட்டாள்.

"வண்டிய பூட்டினியா?"

"பூட்டிட்டேன்."

"சாவியக் குடு."

வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இப்ப பேசு" என்றாள்.