விசில் கேட்டால் உட்காருகிறவன்

பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் விசில் ஊதினார்கள். வெடி வைக்கப் போகிறோம், ஓடுங்கள் என்று அர்த்தம். அரியலூர்ப் பக்கம் ஆடுமாடுகளுக்குக்கூட அது தெரியும். என் மகனுக்குத் தெரியவில்லை.

அன்று காலைதான் அவனைத் திருச்சி சிறையிலிருந்து விட்டிருந்தார்கள். வரப்புத் தகராறில் ஓர் ஆள் செத்துப்போக, பத்தொன்பது வயதில் ஆயுள் தண்டனை பெற்று உள்ளே போனவன். ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் என்று கும்பலோடு கும்பலாக வெளியே அனுப்பிவிட்டார்கள். பெற்றவளுக்கு ஒரு தகவல் கிடையாது. எங்கள் பழைய வீடு குவாரிக்குப் போய்விட்டதை, சிறைக்குப் பார்க்கப் போனபோது சொல்லியிருந்தேன். ரயிலைவிட்டு இறங்கியதும் அந்த இடத்தைப் பார்க்கத்தான் நேராகப் போயிருக்கிறான். அவனை அங்கே பார்த்ததாகப் பால்காரர் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு வந்து சொன்னார். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

சிவப்புக் கொடிக்கு இப்பாலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். குவாரி ஆட்கள் எல்லோரும் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். அவன் மட்டும் பள்ளத்தின் விளிம்பில் குத்தவைத்து, கைகளை முழங்காலில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கல் சுமக்கும் பெண் ஒருத்தி திரும்பி ஓடி, சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள்.

"யோவ், காது செவிடாப் போச்சா? பந்தியில சோத்துக்குக் குந்துன மாதிரி குந்தியிருக்க!"

வெடிச்சத்தம் அடங்கியதும் அவன் என்னிடம் சொன்னான்: "விசில் அடிச்சாங்கல்லம்மா. ஆளு எண்ணுவாங்கன்னு உக்காந்துட்டேன்."

இதற்குத்தான் சீர்திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விசிலுக்கு உட்காரப் பழக்க இத்தனை வருடம். எழுந்து நடக்கப் பழக்க ஒரு நாள்கூட அவர்களுக்கு ஒழியவில்லை. விடுவதற்கு முன்பு யாரோ ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்து நல்லொழுக்கம் பற்றிப் பேசவைத்தார்களாம். கைதட்டச் சொன்னதும் விசில் ஊதித்தானாம்.

இன்றும் பள்ளி மைதானத்தில் விசில் கேட்டால் என் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்துவிடுகிறது.

அவன் வீடு வந்து இரண்டு வாரம் கழித்து, சிறையின் நல அலுவலர் வேர்க்க விறுவிறுக்க எங்கள் வீடு தேடி வந்தார்.

"டீச்சர், உங்க மகனை விடுதலை பண்ணலாமான்னு விசாரிச்சு எழுதச் சொல்லியிருக்காங்க."

என் மகன்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்து முடித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, அண்ணன் வெளிய வந்தா நீங்கதான் பக்குவமா பாத்துக்கணும். எங்க தரப்புல அவர நல்லா தயார் பண்ணிட்டோம்."