அந்த அறைக்குள் மட்டும் சொன்னது

என் மகள் பிறந்து சில மாதங்களில் என்னைப் பழங்காநத்தத்தில் ஒரு கவுன்சலரிடம் கூட்டிப்போனார் என் கணவர். நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அப்போது பிரசவ லீவில் இருந்தேன். குழந்தை அழுதால் எடுப்பேன், பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன். ஆனால் அவளைப் பார்க்கும்போது மனசுக்குள் எதுவும் அசையவில்லை. யாரோ ஊருக்குப் போகையில் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பிள்ளை போல இருந்தாள். தலை சீவாமல், சோறு தின்னாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என்னைக் கண்டு அவர் பயந்துவிட்டார். கூட்டிப்போனதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கவுன்சலர் எங்கள் சபையைச் சேர்ந்த அம்மா. ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருடைய அறை இருந்தது. பஸ் ஹாரன் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு எதிரே உட்காருவார்.

"இங்க பேசுறது இந்த ரூமோட போச்சும்மா. கர்த்தருக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் மட்டுந்தான். மறைச்சீங்கன்னா நான் எப்படி உதவ முடியும்?" என்றார் முதல் நாளே.

முதலில் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முடியவில்லை. "அக்கா, இந்தப் புள்ள மேல எனக்குப் பாசமே வரலை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, பைகூட எடுக்காம, முதல்ல கிளம்புற பஸ்ல ஏறிப் போயிரலாமான்னு இருக்கு" என்று சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். ஒருத்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று அவ்வளவு நிம்மதி.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. என் மாமியார் தொட்டிலைத் தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். "நீ தூங்குத்தா, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் குழந்தையைக் குளிப்பாட்டினால் பக்கத்திலேயே நின்றார். என் ஸ்கூட்டி ரிப்பேருக்குப் போனது, திரும்பி வரவேயில்லை. எல்லாவற்றையும் என்மேல் இருக்கும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன். இப்படித் தாங்குகிறார்களே, நமக்கு நன்றிகூடத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், எனக்கு வெளியே போகவேண்டும் என்ற ஆசை வந்தது. பல மாதங்களில் அதுதான் முதல் முறை.

"பூ நானே வாங்கிட்டு வாரேங்க. மாட்டுத்தாவணி மார்க்கெட்ல நல்லா இருக்கும்" என்றேன்.

கணவர் வாசலில் காகிதத் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "நீ வேணாம். அங்க போனா பைகூட எடுக்காம பஸ் ஏறிருவ."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"யார் சொன்னா?"

கணவர் தோரணத்தைக் கீழே வைத்தார். "நான்தான் கேட்டேன். நீ போயிட்டு வந்ததும் ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குப் போன் போடுவேன். எனக்குப் பயமா இருந்துச்சு. நீயும் எங்கிட்ட வாயே திறக்கலை."

"அத்தைகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அவருக்குப் பதிலாக மாமியார் பேசினார். "பச்சப்புள்ளத்தா. ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அந்த 'ஏதாச்சும்' என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேனே தவிர, குழந்தையை ஏதும் செய்யவேண்டும் என்று ஒரு நொடிகூட நினைத்ததில்லை. அவர்கள் என்னைத் தாங்கவில்லை. என்னிடமிருந்து என் பிள்ளையைக் காவல் காத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கவுன்சலரிடம் போய் நின்றேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா அக்கா?"

"உங்க நல்லதுக்குத்தானம்மா. புருஷன்கிட்ட என்ன ரகசியம்?"

"அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு நான் பாத்திருப்பேன்."

அவர் தட்டைப் பார்த்தபடி, "ஜெபிக்கிறேம்மா" என்றார்.

அன்று இரவு கணவர் குழந்தையின் தலையில் கை வைத்து, இனி யாரிடமும் உன்னைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தார். நம்பினேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் தெரியவில்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போனபின், கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமயநல்லூரில் இருந்த ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் என்னைவிட இளையவர். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு இப்படி வரும், இது வியாதி, குணமாகும் என்று மாத்திரை கொடுத்தார். நான் அவரிடம் உண்மை பேசவில்லை. "தூக்கம் வருதா?" "வருது." "பாப்பாகூட எப்படி இருக்கீங்க?" "என் செல்லமாச்சே டாக்டர்."

பிறகு வேண்டுமென்றே ஒரு பொய்யைப் போட்டேன். வேலையை ராஜினாமா செய்யப்போகிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து கணவரின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் எப்போதும்போல என் பள்ளிக்கூடச் சேலையை இஸ்திரி போட்டுக்கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரே ஆரம்பித்தார். "உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு. நீங்க என்ன பேசுறீங்கன்னு கேட்டாரு. உங்க சம்மதமில்லாம எதுவும் சொல்லமாட்டேன்னுட்டேன். ஆனா போன் வந்ததை உங்ககிட்ட மறைக்கக் கூடாதில்ல."

மாத்திரைக் கவரில் இருந்த நம்பரைக் கணவர் பார்த்திருக்கிறார். பிள்ளையின் தலையில் வைத்த கை அது.

"ராஜினாமான்னு சொன்னது பொய் டாக்டர்" என்றேன். "நீங்க வெளிய சொல்றீங்களான்னு பாக்கத்தான்."

அவருக்குக் கோபம் வரவில்லை. "நம்புறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தீங்க, தப்பில்ல. இப்ப நெஜத்தைச் சொல்லுங்க. எங்க இருந்து வேணாலும் ஆரம்பிங்க."

குழந்தையிலிருந்து ஆரம்பிப்பேன் என்று அவர் நினைத்திருக்கலாம். "என் வீட்டுக்காரர்கூட இருக்கவே எனக்குப் பயமா இருக்கு. அடிக்கிற மனுஷன் இல்லை. ஆனா பயமா இருக்கு" என்றுதான் ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் தோசை போட்டுக்கொண்டே கேட்டேன். "டாக்டருக்குப் போன் பண்ணீங்களா?"

"இல்லையே. நான் எதுக்குப் பண்றேன்?" என்றார், என் கண்ணைப் பார்த்தே.

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

இப்போது மகள் யூகேஜி படிக்கிறாள். பாசம் மெதுவாகத்தான் வந்தது. வந்தபின் அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அவளுக்கு நல்ல அப்பா, அதை நான் மறுக்கமாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "மனசுல என்ன ஓடுது, சொல்லேன்" என்பார் சில நேரம், உண்மையான கரிசனத்தோடு. மறுநாள் டிபனுக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பதாகச் சொல்லிவிடுகிறேன்.