சிவப்பாகத் தெரிந்த ஏரி

செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து ஏரி வரைய வேண்டும் என்றதும், திருச்சி பொதுப்பணித்துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. 1986-ம் வருஷம். மாட்டிக்கொண்டவள் பாலக்கரை பேட்ரிசியா. அவள் கோடு போட்டால் ஸ்கேலே வெட்கப்படும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

படத்தில் தண்ணீர் கறுப்பாகவும் பயிர் சிவப்பாகவும் தெரியும் என்று இன்ஜினியர் ஸ்ரீரங்கராஜன் சொல்லிக்கொடுத்தார். கறுப்பை ஏரி என்றும் சிவப்பை வயல் என்றும் வரைந்தாள். செங்காட்டு ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. மிச்சப் பாதியைத் தூர்வாரி, வயல் ஓரமாகப் புதுக்கரை போடுவதென்று திட்டம் தயாரானது.

ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகத் துறையூர் பஸ் ஏறினாள். வழியில் அதே ஏரி. தான் வரைந்த வயலைப் பார்க்க ஆசையாக ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நெல்லைக் காணோம். தண்ணீருக்குள் காடாக நெய்வேலிக் காட்டாமணக்கு, ஊதாப் பூ வேறு பூத்துக்கொண்டு நின்றது. மேலேயிருந்து பார்த்தால் களையும் சிவப்பு, பயிரும் சிவப்பு! புதுக்கரை எழும்பிவிட்டால் பாதி ஏரி போனது போனதுதான். குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பதுகூட அவள் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை ஓட்டமாக வந்தாள். "சார், மேப் மெட்ராஸுக்குப் போயிடுச்சா?"

"சாயந்தரம் ராக்போர்ட் எக்ஸ்பிரஸ்ல போறது. ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேன்! இருங்க, மே மாசப் படம் ஒண்ணு இருக்கு. அறுப்பு முடிஞ்ச வயல்ல சிவப்பு இருக்காது. காட்டாமணக்குக்கு ஏது அறுப்பு?"

அந்தப் படத்தை விளக்கு மேஜையில் விரித்து, அவள் வரைந்த டிரேசிங் தாளை மேலே பொருத்தினார்கள். சுற்றுவட்டார வயலெல்லாம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அவள் 'வயல்' மட்டும், பழைய கரைக்குள் அடங்கி, செக்கச்செவேலென்று இருந்தது.

"மாதாவே!" என்றாள் பேட்ரிசியா. "ரெங்கா!" என்றார் அவர். இருவருக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

டிரேசிங் தாளில் மை தப்பினால் பிளேடால் சுரண்டுவதுதான் டிராயிங் பிரிவின் வழக்கம். அரை பிளேடை எடுத்துப் புதுக்கரையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"மண்ணக் கொட்டியிருந்தா இதைச் சுரண்ட எத்தனை லாரி வேணுமோ!" என்றார் ஸ்ரீரங்கராஜன்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தாளில் உதிர்ந்திருந்த மைப்பொடியை ஊதித் தள்ளினாள். ஏரி முழுசாக இருந்தது.