முதல் பெயர், கடைசிப் பெயர்

ஒருத்தியின் பெயரைக் கெடுப்பது என்றால் எங்கள் பக்கம் அர்த்தம் வேறு. நான் கெடுத்தது விரலால். ஒன்பதாம் வகுப்பில், கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தை நிரப்பும்போது, தோழியின் பெயர் வர வேண்டிய இடத்தில் அவள் அப்பாவின் பெயரை அடித்தேன். நான் செய்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானாக நடந்தது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேனிப் பக்கம், கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் எங்கள் பள்ளிக்கூடம். அந்த வருஷம்தான் மூன்று கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. ஒன்றில் மட்டும் இன்டர்நெட். அலுவலகத்து டெலிபோன் வயரைப் பிடுங்கி அதில் சொருக வேண்டும். தலைமையாசிரியர் போனுக்குக் காத்திருந்தால் அன்றைக்கு எங்களுக்கு மாயா நாகரிகம் கிடையாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, சாமி கும்பிடப் போகிறவர்கள் மாதிரி உள்ளே போவோம்.

மாயாவைக் கொண்டுவந்தது கம்ப்யூட்டர் சார். அமெரிக்காவிலிருந்து ஒரு குழு மத்திய அமெரிக்கக் காடுகளுக்குள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறது. மாயா மக்கள் அவ்வளவு பெரிய ஊர்களைக் கட்டிவிட்டு ஏன் விட்டுப்போனார்கள் என்று தேடுகிறது. பார்த்ததை வாராவாரம் எழுதுகிறது. உலகம் பூராவும் பள்ளிக்கூடங்கள் அதைப் படிக்கின்றன, நாமும் படிக்கிறோம் என்றார். "அமெரிக்காக்காரன் சைக்கிள்லயா சார் போறான்?" என்று பின்பெஞ்சில் ஒருத்தன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். "மாயமாப் போனதுனாலதேன் மாயாவா சார்?" என்று கேட்டவனுக்கும் அதே மரியாதை. படங்கள் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். முதலில் வானம், பிறகு கோபுரத்தின் தலை, அதற்குள் மணி அடித்துவிடும். மாயர்களின் ஒரு கோபுரத்தையும் நான் அடிவாரம் வரை பார்த்ததில்லை.

என் தோழி என் பக்கத்தில் உட்காருகிறவள். என்னைவிட நன்றாகப் படிப்பாள். அப்போது இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவள் அப்பாவின் தோட்டம் கோம்பைக்கு மேற்கே மலையடியில் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து கீழே வயல்களில் பாயும். அந்த மேட்டுக்கு ஏறாது. மழையும் கிணறும்தான் கதி. மூன்று வருஷமாக மழை ஏமாற்றியது. கிணற்றைத் தோண்டினார்கள், உள்ளேயே போர் போட்டார்கள், புழுதி வந்தது. தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தன.

"முழுப் பரீட்சை முடியவும் குடும்பத்தோட மேல ஏலத்தோட்டத்துக்குப் போறோம்டி. நானுந்தேன் வேலைக்கு" என்றாள் ஒருநாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. மேலே என்றால் எல்லை தாண்டி, கேரளா மலையில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்கள்.

அந்த வாரம்தான் சார் ஒன்று சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். அவர்கள் தேர்ந்தெடுத்தால் கேட்ட பிள்ளையின் பெயரைப் போட்டு அங்கிருந்தே பதில் எழுதுவார்கள்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பேரு அதுல வந்துச்சுன்னா எங்கய்யாவக் கூட்டியாந்து காட்டிருவேன். அமெரிக்காவுல பேரு வந்த பிள்ளைய நிப்பாட்ட மாட்டாகல்ல?"

வகுப்பில் எல்லோரும் எழுதிக் கொடுத்தோம். நான் மாயர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டிருந்தேன். அவள் கேட்டது: 'மழை இல்லாமல் போனபோது அந்த ஊரை விட்டு முதலில் போனது யார்? எங்கே போனார்கள்?' சார் அதை இரண்டு தடவை படித்தார். மற்றதையெல்லாம் மேசைக்குள் போட்டுவிட்டார்.

சாயங்காலங்களில் நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்ததால் அடிக்கிற வேலை என்னுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. சார் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கேள்வியை அடித்தேன். கீழே இரண்டு கட்டங்கள்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்.

"முழுசாப் போடுடி" என்றாள் தோளுக்குப் பின்னாலிருந்து.

எங்களுக்கு முழுப் பெயர் என்றால் இனிஷியலை விரித்து எழுதுவது. முதலில் அப்பா பெயர், கடைசியில் நம் பெயர். அதனால் முதல் கட்டத்தில் அவள் அப்பா, கடைசிக் கட்டத்தில் அவள். சாரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடுமே. அடித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து சார் வகுப்புக்கு ஓடி வந்தார். நம் பள்ளிக்கூடத்துக் கேள்வி தேர்வாகிவிட்டது, பதில் வந்துவிட்டது! லைன் அறுந்துபோனதால் பள்ளியின் பெயரை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார் அவளிடம். அவள் அழுதாள். சந்தோஷத்தில் ஒருத்தி அழுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் அப்பா வெளுத்த வேட்டியில் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பக்கம் மெதுவாக இறங்கியது. அவர் பெயர் முழுசாக வந்தது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து, ஒரு புள்ளி. பிறகு இந்தியா. கீழே மற்ற நாட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் அப்படித்தான் இருந்தன. கடைசிப் பெயரை அவர்கள் ஓர் எழுத்தாக்கிவிடுகிறார்கள். முதல் கட்டத்தில் அவள் பெயரைப் போட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது தன் கையெழுத்து மட்டும். குனிந்து பார்த்தார். "சார், இது எம்பேருல்ல?"

சாருக்கே குழப்பம். "அவுக வழக்கம் அப்பிடிப் போல, அண்ணே. கேள்வி கேட்டது உங்க மகதான்."

"கேட்டது யாரா இருந்தா என்ன சார். பதிலு எனக்குத்தேன போட்டிருக்காக. என்ன சொல்லியிருக்காகன்னு வாசிங்க."

சார் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நிச்சயமாக யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் எல்லோரும் போகவில்லை. குடும்பம் குடும்பமாகப் போயிருப்பார்கள். தண்ணீருக்குத் தூரமாக நிலம் வைத்திருந்தவர்கள் முதலில் போயிருக்கலாம். அவர்கள் அழிந்துவிடவில்லை; அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே சோளம் விதைக்கிறார்கள்; நேற்று எங்களுக்குச் சாப்பாடு போட்டதும் அவர்கள்தான்.

அவள் அப்பா, டாக்டர் சொல்வதைக் கேட்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "சரியாத்தேன் சொல்லியிருக்காக" என்றார். "தண்ணிக்குத் தூரமா இருக்கவகதேன் மொதல்ல போகணும்."

சார் பதறிவிட்டார். "அண்ணே, பிள்ளைய மட்டும் இங்கன விட்டுட்டுப் போங்க. சொந்தக்காரக வீடு இருக்குல்ல? நல்லாப் படிக்கிற பிள்ள."

"குடும்பம் குடும்பமாப் போனாகன்னு நீங்கதேன சார் வாசிச்சீக."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அது அவள் பெயருக்கு வந்த பதில், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்காருவாள். அதற்காகச் சும்மா இருந்தேன். பெயர் சரியாக வந்திருந்தால் மட்டும் அவர் விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அப்படி நினைத்துத்தான் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன்.

அவள் அந்த ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "ஏன்டி எம்பேரு இத்துனூண்டு இருக்கு?"

"கம்ப்யூட்டர் பண்ணுன தப்பு" என்றேன்.

சார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அவள் அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் காலை ஜீப் வந்தது. அண்டா, குண்டான், கோழிக்கூடை, நடுவில் அவள். நான் வழியனுப்பப் போயிருந்தேன். "கம்ப்யூட்டரு பண்ணுன தப்ப சாரு சரி பண்ணிருவாகல்ல? எம்பேரு முழுசா வந்துச்சுன்னா ஒரு லெட்டரு போடு" என்றாள். சரி என்று தலையாட்டினேன். சாரிடம் சொல்லவில்லை, லெட்டரும் போடவில்லை. அந்தச் சைக்கிள்காரர்களும் பயணத்தை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம், தேனி பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். அவரே கூப்பிட்டார். "என்னத்தா, நல்லாருக்கியா? அந்தப் பேப்பர பிரேம் போட்டு, தோட்டத்துல குடுத்த லயத்து வீட்டுல மாட்டிருக்கேன். அமெரிக்காவுல இருந்து எனக்கு வந்ததுல்ல."

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஏலக்காட்டுக்குத்தேன் போறா. செடிக்கு அடிக்கிற மருந்து காத்துல இருமலு ஒண்ணு பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. ரெண்டு பிள்ளைக. அந்தப் பேப்பர வாசிக்கத் தெரிஞ்சது எங்க வீட்டுல அவ ஒருத்திதேன். எம்பேருக்குப் பக்கத்துல ஒத்த எழுத்து இருக்குல்ல, அத பிள்ளைகளுக்குக் காட்டி 'இதுதேன் நான்'னு சொல்லுவா. அதுக நம்ப மாட்டேங்குதுக" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்போதும் சொல்லவில்லை.